நரை முடிக்குச் சாயம் பூசலாமா?

"தலைச்சாயம் ஒன்று கொடுங்கள்."

புதுச்சேரியில் எந்தத் தெருக் கடையிலும் இப்படிக் கேட்டால் போதும். கடைக்காரர் ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துப் போடுவார். விலை சில ரூபாய். டாக்டர் சீட்டு வேண்டாம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அதைத் தண்ணீரில் குழைத்துத் தலையில் பூசுகிறார்கள். அரை மணி நேரத்தில் நரை மறைந்துவிடுகிறது. 60 வயதுக்காரர் 45 வயதுக்காரர் போல் ஆகிவிடுகிறார். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் எதிரில் நிமிர்ந்து நிற்கிறார்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. நரையை மறைக்க ஆசைப்படுவது மனித சுபாவம். ராஜாக்களும் ஆசைப்பட்டார்கள். ராணிகளும் ஆசைப்பட்டார்கள்.

ஆனால், அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது என்ன?

பெரும்பாலான கருப்புச் சாயங்களில் இருக்கும் முக்கியமான சரக்கின் பெயர், பாரா பினைலீன் டையமீன். வாயில் நுழையாத பெயர். அதனால் டாக்டர்களே சுருக்கி, "பி.பி.டி." என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

இது செடியில் காய்ப்பதும் இல்லை, பூப்பதும் இல்லை. ரசாயனத் தொழிற்சாலையில் செய்யும் சரக்கு. சாயத் தொழிலுக்கு இது வேண்டும். போலீஸ்காரர்களும் ராணுவ வீரர்களும் போடுகிறார்களே, குண்டு துளைக்காத சட்டை, அதற்கான "கெவ்லார்" என்ற நூலைச் செய்யவும் இதே பி.பி.டி. வேண்டும்!

குண்டைத் தடுக்கும் நூலுக்கு மூலப்பொருளான சரக்கைத் தலையில் பூசலாமா?

"பூசலாம், ஆனால்..." என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

அந்த "ஆனால்" என்பதற்குப் பிறகு அவர்கள் சொல்வது நிறைய. அதுதான் பொட்டலம் வாங்குகிறவரின் காதில் விழுவது இல்லை.

நீலத் துணி விற்ற ஊர்

புதுச்சேரிக்குச் சாயம் புதிது அல்ல. இந்த ஊரே ஒரு காலத்தில் சாயத்தால் பெயர் பெற்ற ஊர்.

அவுரி என்று ஒரு செடி உண்டு. நீலி என்றும் சொல்வார்கள். அதன் இலையை ஊறவைத்து நீலச் சாயம் எடுப்பார்கள். அந்தச் சாயத்தில் தோய்த்த பருத்தித் துணி புதுச்சேரியில் இருந்து கப்பல் ஏறியது. "கினே" என்று பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவில் செனகல் நாடு வரை அந்தத் துணி போனது. அங்கே பிசின் வாங்கப் போன பிரெஞ்சு வியாபாரிகள் காசுக்குப் பதிலாக இந்த நீலத் துணியையே கொடுத்தார்கள். புதுச்சேரித் துணி அங்கே பணமாகவே நடமாடியது!

அதே அவுரி தலைமுடிக்கும் உதவியது. முதலில் மருதாணி பூசினால் முடி சிவக்கும். அதன் மேல் அவுரி பூசினால் கருக்கும். கரிசலாங்கண்ணித் தைலமும் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆனால் இலைச் சாயம் ஏற மணிக்கணக்கில் ஆகும். பொறுமை வேண்டும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு வழி செய்தது நிலக்கரித் தார்.

1856-ல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன், தாரில் இருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு ஊதாச் சாயம் செய்தான். அதன் பிறகு ஐரோப்பா முழுவதும் ரசாயனச் சாயங்கள் புறப்பட்டன. 1863-ல் ஹோப்மன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி பி.பி.டி.யைக் கண்டறிந்தார். அது முடியில் ஏறும் என்று தெரிந்துகொண்டு, 1883-ல் பிரான்சு நாட்டில் மொன்னே கம்பெனியார் காப்புரிமை வாங்கினார்கள். 1897-ல் செயற்கை நீலமே விற்பனைக்கு வந்துவிட்டது. அவுரி வயல்கள் வற்றிப் போயின.

1909-ல் பாரிஸ் நகரில் இஜேன் ஷ்யூலே என்ற ரசாயனப் பட்டதாரி ஒரு கம்பெனி தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் தெரிந்த "லோரியால்" கம்பெனி அதுதான். அப்போது அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? தமிழில் சொன்னால், "தீங்கு இல்லாத தலைச்சாயங்களின் பிரெஞ்சுக் கம்பெனி"!

பெயரிலேயே "தீங்கு இல்லை" என்று சத்தியம் செய்யவேண்டி இருந்தது என்றால், மக்களுக்குத் தலைச்சாயத்தின் மேல் எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும்! ஈயம் கலந்த சாயங்கள் விற்ற காலம் அது. பி.பி.டி. சாயத்தால் தலை வீங்கியவர்களும் இருந்தார்கள். ஜெர்மனியில் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பி.பி.டி.யைத் தலைச்சாயத்தில் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டார்கள். பிறகு அந்தத் தடை நீங்கியது.

முடிக்குள் நடப்பது என்ன?

பி.பி.டி.க்குத் தானாகக் கருப்பு நிறம் கிடையாது. அது மிகச் சிறிய அணுக்கூட்டம். ஆகையால் முடிக்குள் எளிதில் புகுந்துவிடும். கூடவே பெராக்சைடு என்ற மற்றொரு பொருளும் சாயத்தில் இருக்கும். முடிக்குள் போன பிறகு அதன் வேலையால் பி.பி.டி. ஒன்றோடு ஒன்று சேர்ந்து, பெரிதாகி, கருப்பாகிவிடுகிறது.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே நுழைகிறார்கள். உள்ளே போய் எல்லாரும் வரிசையாகக் கை கோத்துக்கொண்டால், அப்படியே அந்த வாசலில் வெளியே வர முடியுமா? முடியாது. சாயமும் அப்படித்தான். எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் போகாது.

வேலை முடிந்த பிறகு முடியில் இருக்கும் கருப்பு பெரும்பாலும் சாதுவானது. ஆபத்து எல்லாம், வேலை நடக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான். அப்போது பி.பி.டி.யின் ஒரு பகுதி முடிக்குள் போகாமல் தலைத் தோலில் ஒட்டும். காதில் வழியும். நெற்றியில் இறங்கும்.

சாயத்தின் அளவை மதிப்பிடும் விஞ்ஞானிகள் முதலில் பார்ப்பது இதைத்தான். தோல் வழியாக எவ்வளவு உடம்புக்குள் போகிறது என்று கணக்கு எடுக்கிறார்கள். எலிகளுக்கு எந்த அளவு வரை கொடுத்தால் தீங்கு நேரவில்லை என்று பழைய சோதனைகளில் பார்த்து வைத்திருக்கிறார்கள். (இந்தியாவில் அழகுப் பொருளுக்காகப் பிராணிகளைச் சோதிப்பதை 2014-ல் தடை செய்துவிட்டார்கள்.) மனிதனுக்குள் போவது, எலி தாங்கிய அளவில் 100-ல் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால், "சரி" என்கிறார்கள்.

இந்தக் கணக்குப்படி பி.பி.டி. தேறிவிட்டது. ஐரோப்பாவில் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கலந்து தலையில் பூசும் நிலையில் 100-க்கு 2 பங்குக்கு மேல் பி.பி.டி. இருக்கக் கூடாது. அதுவும் முடிக்கு மட்டும். தோலில் பூசும் எதிலும் அது கூடவே கூடாது.

புற்றுநோய் வருமா? பலரும் பயப்படுவது இதற்குத்தான். 1975-ல் அமெரிக்காவில் புரூஸ் ஏம்ஸ் என்பவர் 169 தலைச்சாயங்களைக் கிருமிகளின் மேல் சோதித்தார். 150 சாயங்கள் கிருமிகளின் பரம்பரைக் கூறையே மாற்றிவிட்டன! உலகம் திடுக்கிட்டது. கம்பெனிகள் சில சரக்குகளைக் கைவிட்டன. பிறகு பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் பிரான்சில் லியோன் நகரில் இருக்கிறது. 2010-ல் அது வெளியிட்ட முடிவு இது: தன் தலைக்குத் தானே சாயம் பூசிக்கொள்கிறவருக்குப் புற்றுநோய் வரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் முடி திருத்தும் தொழிலாளருக்கு, அந்தத் தொழிலால் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு.

பூசிக்கொள்கிறவரைவிடப் பூசிவிடுகிறவருக்குத்தான் கவலை அதிகம். இதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

நூறில் ஒருவர்

இதுவரை சொன்ன கணக்கு எல்லாம் சராசரிக் கணக்கு. அந்தக் கணக்கில் அடங்காத ஒருவர் இருக்கிறார். அவர் அலர்ஜிக்காரர்.

அலர்ஜி என்றால் ஒவ்வாமை. ஒருவருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது. மற்றொருவருக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. அதைப் போல் சிலருடைய தோலுக்குப் பி.பி.டி. ஒத்துக்கொள்ளாது. ஐரோப்பாவில் பொதுமக்களைச் சோதித்துப் பார்த்தபோது சுமார் 100 பேரில் ஒருவருக்கு இந்த அலர்ஜி இருந்தது. அமெரிக்கத் தோல் அலர்ஜி டாக்டர்களின் சங்கம், 2006-ம் ஆண்டின் "அலர்ஜிப் பொருள்" என்று பி.பி.டி.யைத்தான் தேர்ந்தெடுத்தது. இப்படியும் ஒரு பட்டம்!

நூறில் ஒருவர்தானே என்று தோன்றலாம். 100 பேர் உட்கார்ந்த கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். அதில் ஒருவருக்கு முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டால், மற்ற 99 பேரும் நலம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட முடியுமா?

இந்த அலர்ஜியின் குணம் விசித்திரமானது. முதல் தடவை பூசியதும் வரும் என்பது இல்லை. 10 ஆண்டு பூசியவருக்கு 11-ம் ஆண்டில் வரும். "இத்தனை நாள் பூசினேனே, ஒன்றும் செய்யவில்லையே!" என்று அவர் ஆச்சரியப்படுவார். இத்தனை நாளும் அவருடைய உடம்பு அதைக் குறித்து வைத்துக்கொண்டே வந்தது என்பது அவருக்குத் தெரியாது.

இன்னொன்று. பூசிய உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். முதலில் தலை அரிக்கும். பிறகு காது, கழுத்து சிவக்கும். கண் இமை வீங்கும். சிலருக்கு நீர் வடியும். இரண்டு நாள் முன்பு பூசிய சாயத்தைப் பலர் மறந்தே போயிருப்பார்கள். "நேற்றுச் சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். மறு மாதம் மறுபடியும் சாயம் பூசுவார்கள். இந்தத் தடவை வீக்கம் இரண்டு மடங்கு வரும்.

சிலருக்கு வீக்கமே வராது. நெற்றியிலும் கன்னத்திலும் கருமை படரும். முடியைக் கருப்பாக்கப் போய் முகம் கருத்துப் போகும்! அதற்கு வேறு கிரீம் தேடிப் போகிறவர்களும் உண்டு.

ஒரு தடவை இந்த அலர்ஜி பிடித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் விடாது. பி.பி.டி.யின் சகோதரச் சரக்குகளும் பிறகு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சில துணிச் சாயங்கள்கூட ஒத்துக்கொள்ளாது.

கண் போன கதை

அமெரிக்காவில் 1933-ல் நடந்தது இது. கண் இமை முடிக்குக் கருப்பு ஏற்ற "லாஷ் லூர்" என்று ஒரு சாயம் விற்றார்கள். அதில் பி.பி.டி. இருந்தது. ஒரு பெண் விழாவுக்குப் போவதற்காக இமையில் அதைப் பூசிக்கொண்டாள். கண்கள் வீங்கிச் சீழ் பிடித்தன. பார்வையே போய்விட்டது. வேறொரு பெண் இறந்தே போனாள்.

அந்தச் சாயத்தைக் கடையில் இருந்து எடுக்க அரசாங்கத்துக்கு அப்போது அதிகாரம் இல்லை. அழகுப் பொருளுக்கு என்று சட்டமே கிடையாது. ஆகவே அமெரிக்க உணவு மருந்து இலாகா ஒரு காரியம் செய்தது. அந்தப் பெண் கண்ணோடு இருந்த படத்தையும், கண் போன பிறகு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்காட்சி நடத்தியது. பார்த்தவர்கள் பதறினார்கள். 1938-ல் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை வைத்தார்கள். தார்ச் சாயம் கலந்த தலைச்சாயமாக இருந்தால், பெட்டியில் எச்சரிக்கை அச்சிட்டால் போதும். தடை செய்ய முடியாது! சாயக் கம்பெனிகள் கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்துக்கொண்டன.

அந்த எச்சரிக்கைதான் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. இந்தியாவில் மருந்துகளுக்கான சட்டம் 1940-ல் வந்தது. அழகுப் பொருள்களை அதில் சேர்த்தது 1962-ல். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் அதே 1962-ல்தான். பி.பி.டி. கலந்த தலைச்சாயத்தில் என்ன எழுத வேண்டும் என்று விதியில் தெளிவாக இருக்கிறது. தோல் எரிச்சல் வரலாம். முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும். புருவத்திலும் இமையிலும் பூசினால் கண் போகலாம். இவ்வளவும் எழுத வேண்டும். பெட்டியின் மேலும் எழுத வேண்டும். உள்ளே இருக்கும் உறையிலும் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் போதாது; அந்தந்த ஊர் மொழியிலும் எழுத வேண்டும்!

விதி நல்ல விதி. இனி, வீட்டில் இருக்கும் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

தமிழ் இருக்கிறதா? இருந்தால், கண்ணாடி போட்டுக்கொண்டாவது படிக்க முடிகிறதா? கம்பெனியின் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது? நடிகையின் படம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது? கண் போகும் என்ற செய்தி எவ்வளவு சிறிய எழுத்தில் இருக்கிறது? நரை வந்தவர்கள்தான் தலைச்சாயம் வாங்குகிறார்கள். நரை வரும் வயதில்தான் கண்ணும் மங்குகிறது. கடுகு போன்ற எழுத்தை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

புதுச்சேரிக்காரர்கள் பலருக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. விடுமுறைக்கு வரும்போது அங்கிருந்து தலைச்சாயப் பெட்டியும் கொண்டு வருகிறார்கள். அந்தப் பெட்டியில் கூடுதலாக இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, இது 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அல்ல. மற்றொன்று, முன்பு எப்போதாவது "கருப்பு மருதாணி" போட்டு உடம்பில் பொறி பொறியாக வந்திருந்தால் இதைத் தொடாதே.

மருதாணி எங்கே கருக்கும்?

தலைச்சாயப் பெட்டியில் மருதாணிப் பேச்சு ஏன்?

மருதாணிக்குக் கருப்பு நிறம் கிடையாது. அரைத்துப் பூசினால் செக்கச் செவேல் என்று சிவக்கும். அதுவும் இரவு முழுவதும் வைத்திருந்தால்தான். அரை மணி நேரத்தில் கரிய நிறம் பிடிக்கும் "கருப்பு மருதாணி" என்று யாராவது கூம்பு விற்றால், அதில் வேறு சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அந்தச் சரக்கு பி.பி.டி.தான். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட மருதாணியைச் சோதித்தபோது, சிலவற்றில் 100-க்கு 10 பங்கையும் தாண்டி பி.பி.டி. இருந்தது. தலைமுடிக்கே 2 பங்குக்கு மேல் கூடாது என்கிறார்கள். இது குழந்தையின் பிஞ்சுத் தோலில் பூசுவது!

பூவும் கொடியும் வரைந்த இடத்தில், சில நாளில் அதே பூவும் கொடியுமாகக் கொப்புளம் கிளம்பும். ஆறினாலும் தழும்பு நிற்கலாம். தழும்பு மறைந்தாலும் அலர்ஜி மறையாது. அந்தச் சிறுமி வளர்ந்து, 40 வயதில் முதல் நரையைப் பார்த்து, முதல் தடவையாகத் தலைச்சாயம் பூசுவாள். அப்போது முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது; பெற்றவளுக்கும் நினைவு இருக்காது.

கல்யாண வீடுகளில் மருதாணி போடுவது நல்ல வழக்கம். இலையைப் பறித்து அம்மியில் அரைக்க நேரம் இல்லை என்றால், என்ன கலந்திருக்கிறது என்று எழுதியிருக்கும் கூம்பாவது வாங்குங்கள். "உடனே கருக்கும்" என்ற கூம்பு வீட்டுக்குள் வர வேண்டாம்.

மூலிகை என்ற முகமூடி

சில பெட்டிகளில் பச்சை நிறத்தில் இலை, நெல்லிக்காய், மருதாணிக் கிளை எல்லாம் படம் போட்டிருக்கும். "மூலிகை" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தில் சரக்குப் பட்டியலைப் பார்த்தால், சிலவற்றில் நடுவே பி.பி.டி.யும் உட்கார்ந்திருக்கும். வேறு சில பெட்டிகளில், "அம்மோனியா இல்லை" என்று பெருமை அடித்திருப்பார்கள். எங்கள் அப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்! அம்மோனியா வேறு, பி.பி.டி. வேறு. அது இல்லை என்றால் இது இல்லை என்று ஆகாது.

இப்படி எழுதுவதை அனுமதிக்கவே கூடாது. பி.பி.டி. இருக்கும் பெட்டியின் முன்பக்கத்தில், "இதில் பி.பி.டி. இருக்கிறது, 100-க்கு இத்தனை பங்கு" என்று தமிழில், கம்பெனியின் பெயர் அளவுக்குப் பெரிதாகப் போட வேண்டும். சாயத்தையே தடை செய்ய வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அது அதிகப்படி. கோடிக்கணக்கான பேர் தொல்லை இல்லாமல் பூசுகிறார்கள். ஜெர்மனியில் போட்ட தடையும் நிற்கவில்லை. ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிவிக்காமல் விற்பதற்கு எந்த நியாயமும் இல்லை. புதுச்சேரி அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு நாள் கடை கடையாகப் போய்ப் பொட்டலங்களைத் திருப்பிப் பார்த்தால் போதும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ் வேண்டும். மாஹேயில் மலையாளம் வேண்டும். யானத்தில் தெலுங்கு வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது.

வாய்க்குப் போனால்...

தலையில் பூசினால் நூறில் ஒருவருக்குத் தொல்லை தரும் இந்தச் சரக்கு, வயிற்றுக்குள் போனால் யாரையும் விடாது. தொண்டையும் நாக்கும் வீங்கி மூச்சை அடைக்கும். தசைகள் கெடும். சிறுநீரகம் பழுதாகும். இதற்கு என்று மாற்று மருந்து கிடையாது. மதுரை டாக்டர்கள் 2009-ல் இதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதி எச்சரித்தார்கள். வட இந்தியாவில் ஜான்சி நகரில், ஒரே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சில ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு மேல் இப்படி வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் தாமதம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், மூச்சுக்கு வழி செய்து, டயாலிசிஸ் வைத்து, பலரைக் காப்பாற்றிவிடுகிறார்கள். வீட்டு வைத்தியம் செய்து நேரத்தைப் போக்கக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் சாயப் பொட்டலத்தைக் குளியல் அறை மாடத்தில் வைக்கக் கூடாது. பூட்டி வைக்க வேண்டும். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருந்தாலும் இந்தப் பொட்டலம் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. அவர்களோடு பேச 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் ஆள் இருக்கிறார்கள்.

பொட்டல விற்பனைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று டாக்டர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பூச்சி மருந்து வாங்கும்போதாவது கடைக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார். இதற்கு அதுவும் கிடையாது.

சலூன்காரரின் கை

முடி திருத்துகிறவரின் கையைப் பாருங்கள். விரல் நுனி கருத்திருக்கும். நகத்தைச் சுற்றித் தோல் வெடித்திருக்கும். வருகிறவர் மாதம் ஒரு தடவை சாயத்தைத் தொடுகிறார். இவர் ஒரு நாளில் பலமுறை தொடுகிறார். தொழிலே சோறு போடுகிறது. அதையே கை தாங்கவில்லை என்றால் அவர் எங்கே போவார்?

கையுறை ஒன்று போட்டால் பெரும் பகுதி தொல்லை குறையும். பெட்டியில் வைத்திருக்கும் மெல்லிய கையுறை ஒரு தடவைக்குத்தான். அதைக் கழுவி மறுபடியும் போடக் கூடாது. முடியை வெட்டிவிட்டுச் சாயம் பூசுவதைவிட, சாயம் பூசிக் கழுவிவிட்டு வெட்டினால், அந்த முடியைத் தொடும் கைக்குத் தொல்லை அதிகம். ஆகையால் முதலில் வெட்டு, பிறகு சாயம் என்று வைத்துக்கொள்வது நல்லது. சாயம் பூசச் சொல்கிறவர்களே, "கையுறை போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

எப்படிச் சோதிப்பது?

விதியில் சொல்லியிருக்கும் சோதனை எளிது. காதுக்குப் பின்னால், அல்லது முழங்கையின் உள்பக்கத்தில், சிறிது இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பூசுவதற்குக் குழைத்த சாயத்தில் ஒரு சிறு பொட்டு வைத்துக் காயவிட வேண்டும். 24 மணி நேரம் பார்க்க வேண்டும் என்கிறது இந்திய விதி. ஐரோப்பாவில் 48 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். தாமதமாக வரும் அலர்ஜிக்கு 48 மணி நேரமே பொருத்தம்.

ஒரு தடவை சோதித்தால் போதாது. ஒவ்வொரு தடவையும் பூசுவதற்கு முன்பு சோதிக்க வேண்டும். விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

இந்தச் சோதனையும் முழுக் காவல் ஆகிவிடாது. வீட்டில் பார்ப்பது சில சமயம் தவறிப் போகும். ஒரு தடவையாவது தலையில் அரிப்போ, இமையில் வீக்கமோ வந்தவர்கள் வீட்டுச் சோதனையை நம்பக் கூடாது. டாக்டரிடம்தான் போக வேண்டும். புதுச்சேரிக்காரர்கள் அதற்குத் தூரம் போக வேண்டியது இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளிக்கூடத்தின் வழியில் வந்த ஜிப்மர், கோரிமேட்டில் இருக்கிறது. அதைப் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில், வாசலினில் 100-க்கு ஒரு பங்கு பி.பி.டி. கலந்து, முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடியும் இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். அந்த இடம் சிவந்து தடித்தால், அவர் ஆயுளுக்கும் பி.பி.டி.யைத் தொடக் கூடாது. மருதாணியும் அவுரியும் கலப்படம் இல்லாமல் கிடைத்தால் பூசிக்கொள்ளலாம். இல்லை என்றால் நரையோடு இருக்கலாம். வெள்ளை முடியோடு எத்தனையோ பேர் கம்பீரமாக நடமாடுகிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சனிக்கிழமை மாலை சலூனில் போய் உட்கார்ந்து, "கருப்பாக்கி விடுங்கள்" என்று சொல்வதுதான் நம் வழக்கம். அப்போது சோதனைக்கு ஏது நேரம்? வியாழக்கிழமை காலையிலேயே காதுக்குப் பின்னால் பொட்டு வைத்துவிட வேண்டும். சனிக்கிழமை வரை அரிப்பு, சிவப்பு, தடிப்பு எதுவும் இல்லை என்றால் பூசலாம். வந்துவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். போகும்போது அந்தப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.